வண்டலூர்ல பிறந்த ஹெரால்டு: தெருவுக்கும் டிராக்குக்கும் ஒரே காரா?

சிட்லபாக்கத்துல இருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். “மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரைப் பிரிச்சு, ரோட்டரி எஞ்சினைப் புதுசாக்கி, ரோட்லயும் ஓட்டுறாங்க, ரேஸ் டிராக்லயும் ஓட்டுறாங்க. வீடியோவா பார்த்துத் தள்றேன். தாம்பரம் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு நானும் இப்படி ஒரு ப்ராஜெக்ட் செய்ய முடியுமா?” இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி. முதல்ல ரோட்டரி எஞ்சின்னா என்னன்னு சுருக்கமா பார்த்துடுவோம். அதில் பிஸ்டன் கிடையாது, வால்வும் கிடையாது. இடுப்பு ஒடுங்கின முட்டை மாதிரி ஒரு கூடு. அதற்குள் முக்கோண வடிவ ரோட்டர் சுழல்கிறது. அந்த முக்கோணத்தின் மூன்று முனையிலும் ‘ஏபெக்ஸ் சீல்’ என்கிற மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். கூட்டின் சுவரை விடாமல் உரசிக்கொண்டே போய், வாயு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கசியாமல் காப்பது அதன் வேலை. 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி ஜெயிச்சது இந்த வகை எஞ்சினை வச்சுத்தான்.

சிக்கலும் அந்த சீல்லதான். அது தேய்ந்தால் கம்ப்ரெஷன் போகும். உடைந்தால், துண்டு உள்ளேயே சுற்றி ரோட்டரையும் கூட்டையும் கீறிவிடும். அப்புறம் கூட்டையே மாத்தணும். மாஸ்டா நம்ம நாட்டுல கார் விற்றதே இல்லை. ஸ்வராஜ் மாஸ்டா வேனைத்தான் நாம பார்த்திருக்கோம். ஆக ஒவ்வொரு சீலும் கப்பலிலோ விமானத்திலோதான் வரணும். முதல் ப்ராஜெக்டுக்கு இது தாங்காது.

ஆனா கேள்வியை அப்படியே விட வேண்டாம். ஏன்னா, சிட்லபாக்கத்துல இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள, ஜிஎஸ்டி ரோட்டுல, ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட கூடப்பிறந்த அண்ணனைத் தயாரிச்ச தொழிற்சாலை இருந்துச்சு.

கம்பெனி வாசல்ல இருந்து லெ மான்ஸ் வரைக்கும்

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் தொடங்கின கம்பெனி. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. முதலில் வேன்கார்ட், பிறகு சில சின்ன கார்கள், 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடரும் ஃபியட்டும் நிறைஞ்ச ரோட்டுல, இரண்டே கதவோட, கூர்மையான கோடுகளோட வந்த வண்டி. வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. பின்னாளில் நான்கு கதவு ஹெரால்டும் இங்கே வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒரு மாடல் கிடையாது.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இது வெளிவந்தபோது, கார் உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. பாடியும் சேஸியும் ஒன்றாகச் சேர்ந்த மோனோகாக் அமைப்புக்கு எல்லாரும் மாறிக்கொண்டிருந்தார்கள். ஹெரால்டுக்கு மட்டும் ஏன் தனி சேஸி? காரணம் ஒரு வியாபாரச் சிக்கல். ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. அதனால் பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, ஒரு சேஸி மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள்.

அந்தக் கட்டாயம்தான் நமக்கு லாபம். துண்டு துண்டாகப் பெட்டியில் வைத்து அனுப்பி, வெளிநாட்டில் பூட்டுவதற்கு வசதியான கார் அது. இன்னைக்கு ரீஸ்டோர் பண்றவங்களுக்கும் அதே வசதி: போல்ட் போட்டு முடுக்கினது, போல்ட் கழட்டினா வரும்.

1962-ல் இதே ஹெரால்டு சேஸியைக் குட்டையாக்கி, மேலே ஒரு திறந்த பாடியை வைத்து, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். அது 1965 லெ மான்ஸில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஹெரால்டின் எஞ்சின் 948 சிசி; ஸ்பிட்ஃபயரில் 1147 சிசி. இரண்டும் ஒரே குடும்பம். ஸ்ட்ரோக் இரண்டிலும் 76 மில்லிமீட்டர்தான்; போரை மட்டும் அகலமாக்கினார்கள். ஒரு பழைய ஹெரால்டை தெருவுக்கும் டிராக்குக்கும் தயார் பண்றது வெறும் கற்பனை இல்லைங்கிறதுக்கு இது போதும்.

சரி, எங்கே தொடங்குறது? எல்லாரும் எஞ்சின்ல தொடங்குவாங்க. ஹெரால்டுல எஞ்சின் கடைசி. ஏன்னு போகப்போகத் தெரியும்.

முதல் வேலை சேஸி

நடுவில் இரண்டு முக்கிய ரெயில்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். இந்தக் கைகளுக்கு அவுட்ரிகர் என்று பெயர். பாடி உட்காருவது இவற்றின் மேல். துரு பிடிப்பதும் இங்கேதான். சிட்லபாக்கம் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணி வந்த வருஷங்களை நினைச்சுப் பாருங்க. முட்டளவு தண்ணியில ரெண்டு நாள் நின்ன காருக்குள்ள சேறு புகுந்தா, அது வெளியே வராது. மேலே பெயின்ட் பளபளன்னு இருக்கும். கீழே அவுட்ரிகர் அப்பளமா நொறுங்கும்.

பாடியைத் தூக்கும் முன் கதவு இடுக்குகளை அளந்து எழுதி வையுங்க. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, எந்தப் பக்கம் உரசுது. பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். எந்த போல்டில் எத்தனை தகடு என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்க. இதைத் தவறவிட்டா, திரும்பப் பூட்டும்போது கதவு சாத்தவே சாத்தாது.

சேஸி கோணலா நேரானு பார்க்க பெரிய மெஷின் தேவையில்லை. கொத்தனார் கையில இருக்குற தூக்குக்குண்டு போதும். சமமான சிமென்ட் தரையில் சேஸியை நிறுத்தி, சஸ்பென்ஷன் பூட்டும் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்க. இடது முன் புள்ளியிலிருந்து வலது பின் புள்ளிக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் டேப் பிடிங்க. இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால் சேஸி நேர். வரலேன்னா, அதை நிமிர்த்தும் வரைக்கும் வேற எதுக்கும் காசு செலவு பண்ணாதீங்க. கோணல் சேஸி மேல எவ்வளவு நல்ல சஸ்பென்ஷன் போட்டாலும் கார் நேராப் போகாது.

டிங்கரிங் பட்டறையில ஒன்னு உறுதியாச் சொல்லிடுங்க: ஓட்டை விழுந்த இடத்துல பட்டி பூசி மூடக் கூடாது. துருவை வெட்டி எடுத்துட்டு, அதே தடிமன் தகடு வச்சு வெல்ட் பண்ணணும்.

ஒரு ஸ்பூன் எண்ணெய்

இந்த காரில் உயிர் சம்பந்தப்பட்ட இடம் இரண்டு. முதலாவது முன் சக்கரத்தில் இருக்கிறது.

சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ‘டிரன்னியன்’ என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது இபி 90 கியர் ஆயில். ஆனா, கிரீஸ் நிப்பிள் போடற மாதிரி ஒரு ஓட்டை அங்கே இருக்கும். பார்த்தவுடனே சர்வீஸ் ஆட்கள் கிரீஸ் கன்னை வச்சு அமுக்கிடுவாங்க.

கிரீஸ் மரையின் ஆழம் வரை இறங்காது. மேலே கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். உள்ளே ஈரம் தங்கும், எஃகுத் தண்டு துருப்பிடித்துத் தேயும். ஒரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து, சக்கரம் காருக்கு அடியில் மடங்கிவிடும். முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. அதனால பழைய ஹெரால்டு வாங்கினா, பளபளப்பு எப்படி இருந்தாலும் சரி, டிரன்னியனையும் தண்டையும் கழட்டிப் பார்த்தே ஆகணும். தண்டில் துருக்குழி இருந்தால் தூக்கிப் போடணும். அதுக்கு அப்புறம் குறிச்ச இடைவெளியில் ஆயில் விட்டுக்கொண்டே இருக்கணும். லோட்டஸ் எலானின் முன் சஸ்பென்ஷனிலும் டிரையம்பின் இதே வகை அமைப்புதான். அது பலவீனமான டிசைன் இல்லை, பராமரிப்பைக் கேட்கிற டிசைன்.

பின்சக்கரம் மடங்கும் கதை

இரண்டாவது இடம் பின்பக்கம். ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ரெண்டு கையையும் பக்கவாட்டில் நேரா நீட்டுங்க. உள்ளங்கையை மேல் நோக்கி நிமிர்த்துங்க, டிராஃபிக் போலீஸ் ‘நில்லு’ன்னு காட்டுற மாதிரி. அந்த உள்ளங்கைதான் பின்சக்கரம். இப்போ முழங்கையை மடக்காம, தோளை மட்டும் அசைச்சு கையைக் கீழே தாழ்த்துங்க. உள்ளங்கையோட அடிப்பக்கம் உங்க உடம்பை நோக்கி உள்ளே வருது பாருங்க.

இதுதான் ஸ்விங் ஆக்ஸில். பின்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியே அசையும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் டிஃபரென்ஷியல் அருகில் ஒரே ஒரு மூட்டுதான். வேகமாக வளைவில் நுழைந்த டிரைவர் பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால், எடை முன்னால் பாயும், காரின் பின்பக்கம் மேலே எழும்பும். நம்ம கை தாழ்ந்த மாதிரி சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். டயர் தன் அகலம் முழுவதும் தரையில் நிற்காமல் விளிம்பில் நிற்கும். பிடி போகும். வால் சுழலும்.

அமெரிக்காவில் செவர்லே கோர்வெயர் காரின் இதே குணத்தைத்தான் ரால்ஃப் நேடர் 1965-ல் வெளியான தன் புத்தகத்தில் கிழித்தெடுத்தார். நம்ம ஸ்டாண்டர்ட் கம்பெனி 1972-ல் ஹெரால்டை மாற்றி கேஸல் என்ற மாடலைக் கொண்டுவந்தபோது, ஸ்விங் ஆக்ஸிலை விட்டுவிட்டு வழக்கமான முழு ஆக்ஸிலுக்குப் போய்விட்டது.

ரீஸ்டோர் பண்றவங்களுக்கு வழி மூன்று. ஒன்று, பின்பக்க உயரத்தைக் கொஞ்சம் இறக்கி, நிற்கும்போதே சக்கரத்தின் தலை லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைப்பது. அப்போது அது எதிர்ப்பக்கம் மடங்குவதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கும். இரண்டு, முன்பக்க ஆன்ட்டி-ரோல் பாரைத் தடிப்பாக்குவது. வளைவில் சாயும் சுமையை முன்பக்கம் அதிகமாக ஏற்கும்; பின்பக்கம் பதறாது. மூன்று, 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் டிரையம்பே செய்த திருத்தம். குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டையில், எல்லா இலைகளையும் இறுக்காமல், ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு மற்றவற்றை நடுவில் சீசா பலகை மாதிரி ஆட விட்டார்கள். மேடு பள்ளத்தைத் தாங்கும் பலம் அப்படியே இருக்கும். வளைவில் பின்பக்கத்தைத் தூக்கிவிடும் வேலையை மட்டும் அது குறைத்துக்கொள்ளும்.

மூன்றில் எதைச் செய்தாலும் ஒரு பழக்கம் வேணும்: வேகத்தைக் குறைக்கிறதா இருந்தா வளைவுக்கு முன்னாடியே குறைக்கணும். நடுவுல காலை எடுக்கக் கூடாது.

நிற்கத் தெரிஞ்ச பிறகு ஓடலாம்

அடுத்தது பிரேக். பழைய ஹெரால்டின் பிரேக் லைன் ஒரே சுற்று. எங்கேயாவது ஒரு இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் பைப், ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாத்துலயும் ரப்பரைப் புதுசாப் போடணும். “இது நல்லாத்தானே இருக்கு” என்ற பேச்சே கூடாது. டிரம் பிரேக் சூடேறினால், டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சூட்டில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். ஊருக்குள் இது தெரியாது. டிராக்கில் நாலாவது சுற்றில் தெரியும். எனவே டிராக்குக்குப் போகும் முன் பிரேக் ஆயில் புதுசு. ஸ்பிட்ஃபயரில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் இருந்ததால், அந்தப் பாதையிலும் போகலாம். சட்டத்தைப் பத்தி கீழே சொல்றதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இப்போ எஞ்சின்

948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய சாதாரண ஹேட்ச்பேக்கில் 80 வரும். ஆனால் ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோதான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. எஞ்சினை அணைச்சுட்டு, பானெட்டைத் திறங்க. ஒருத்தர் கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருத்தர் கிரான்க் புல்லியைப் பார்க்கட்டும். கிரான்க் முன்னும் பின்னும் நகர 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தால், பின் பேரிங்கில் உள்ள பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். அவை கழன்று சம்ப்பில் விழுந்தால் கிரான்க் நேராக பிளாக்கையே அரைக்கும். சின்ன வாஷர், விட்டால் பிளாக்கே போகும்.

அடுத்து பெட்ரோல். இந்த எஞ்சின் வடிவமைக்கப்பட்டது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில். வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை. 2000-க்குப் பிறகு நாட்டில் ஈயம் இல்லாத பெட்ரோல் மட்டும்தான். டிராக்கில் அதிக வேகத்தில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல சிலிண்டர் ஹெட்டுக்குள் புதைந்துகொண்டே போகும். ஹெட் கழட்டும்போதே லேத்தில் கொடுத்து, கெட்டியான சீட் வளையங்களை இறக்கிவிடுவது நல்லது. இப்போ பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் ஹோஸும் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறி வீங்கும், வெடிக்கும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்குங்க.

உதிரிப் பாகங்களுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கு. இந்த எஞ்சின் குடும்பம் ஸ்பிட்ஃபயரோடு சேர்ந்து பல வருஷம் தயாரானதால், இங்கிலாந்தில் இன்னும் பாகங்கள் புதிதாகவே செய்யப்படுகின்றன. ரோட்டரிக்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: கிடைக்காத புஷ்ஷை நம்ம லேத் பட்டறையில கடைஞ்சுக்கலாம், ஏபெக்ஸ் சீலை அப்படிக் கடைய முடியாது.

சட்டம் என்ன சொல்லுது?

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். நிபந்தனை இரண்டு. சேஸி, பாடி, எஞ்சின் மூல வடிவத்தில் இருக்கணும். கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

ஆக, வெட்டி ஒட்டினால் வின்டேஜ் தகுதி போகும். ஹெரால்டின் போல்ட் அமைப்பு இங்கேயும் கைகொடுக்குது. மாற்றும் எதையும் வெட்டாம, ஓட்டை போடாம, கழட்டித் திரும்ப மூல பாகத்தை மாட்டும்படி செய்யுங்க. கழட்டினதை எண்ணெய் தடவி, பெயர் எழுதிப் பெட்டியில வைங்க. பழைய பாகங்கள் இருக்கும் அந்தப் பெட்டியும் காரின் ஒரு பகுதிதான்.

இருங்காட்டுக்கோட்டைக்கு

இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுபாதையான சோழவரத்தில்தான் சென்னையின் மோட்டார் பந்தயம் வளர்ந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில், வெளிநாட்டு ரேஸ் கார்களோடு நம்ம ஊர் ரோட்டு கார்களும் ஓடின. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த டிராக் வந்தது: சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. வண்டலூர்ல அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு, பெங்களூர் ஹைவேயில இடது பக்கம் திரும்பினா வந்துடும்.

அங்கே 35 குதிரைத்திறனுள்ள ஹெரால்டு யாரையும் முந்தாது. நேரா போற இடத்துல எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவாங்க. ஆனா நேரான சேஸி, ஆயில் விட்ட டிரன்னியன், அடக்கின பின்சக்கரம், புது பிரேக் இதெல்லாம் சேர்ந்தா, வளைவுல கார் என்ன செய்யப்போகுதுன்னு உங்க உட்காருமிடம் முன்னாடியே சொல்லும். எஞ்சின் கடைசின்னு சொன்னதுக்கு இதுதான் காரணம். திருத்தாத சேஸியில குதிரைத்திறனைக் கூட்டினா, சக்கரம் மடங்குறது இன்னும் சீக்கிரம் வரும்.

இந்த வேலை தெரிஞ்ச மெக்கானிக்குகள் தாம்பரம், பல்லாவரம் பக்கம் இன்னும் இருக்காங்க. ஸ்டாண்டர்ட் காரோட மூடிய அந்தத் தொழிற்சாலையின் காலத்தில் வேலை பழகியவர்களுக்கு இப்போ வயசாயிடுச்சு. கார் வாங்கிட்டுத் தேடாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடியே ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அவர் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார். குனிஞ்சு அவுட்ரிகரைத் தட்டுவார், முன் சக்கரத்தை ஆட்டுவார், கிளட்சை மிதிக்கச் சொல்லிட்டு புல்லியைப் பார்ப்பார். பக்கத்துல நின்னு கவனிங்க, கேள்வி கேளுங்க, முடிஞ்சா போன்ல பதிவு பண்ணிக்கோங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். கேள்விகளை அனுப்புங்க.